கடற்கரை ஹோட்டல், கசினோ, வீட்டுத்திட்டம்: கட்டடத்தைக் காசுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிற தம்பிமார் பலர் இப்போது ஹோட்டல் வேலை பிடிக்கப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம், வேலையும் இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவில் பெரிய விடுதிகள், கல்குடாவில் சின்ன வில்லாக்கள், அறுகம்குடா உல்லையில் சர்ஃப் பருவத்துக்கு முன் புதிதாக முளைக்கிற கபானாக் குடில்கள், கல்லடியிலிருந்து கல்முனைவரை காணி பிரித்து வீடு கட்டி விற்கிறவர்கள், அப்புறம் நிறுவனங்கள் கட்டிக் கொடுக்கிற வீட்டுத்திட்டங்கள். ஆனால் கல்யாணத்தில் பொம்பிளை மாப்பிள்ளையை வெளிச்சம் உள்ள பக்கம் திருப்பி நிறுத்தலாம், கட்டடத்தைத் திருப்ப ஏலாது. அது எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டதோ அந்தப் பக்கத்துக்கு வெயில் வரும்வரை நீங்கள்தான் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி அதுதான், கெமரா லென்ஸ் பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் திசை

வேலை உறுதியானதும் கெமரா இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஃபோனில் திசைகாட்டி இருக்கிறது, அது போதும். முகப்பு எந்தத் திசை, நீச்சல் தடாகம் எந்தத் திசை, சாப்பாட்டு மண்டபத்தின் திறந்த பக்கம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரை என்பதால் எல்லா ஹோட்டலும் கிழக்கைப் பார்க்கும் என்று நினைக்காதீர்கள். பாசிக்குடா ஒரு வளைவு, அதில் அடுத்தடுத்து நிற்கிற ஹோட்டல்களுக்கே வெளிச்சம் விழுகிற நேரம் வேறு வேறாக இருக்கும்.

கிழக்கைப் பார்த்த முகப்பு என்றால் காலைதான். இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் 5.45க்கும் 6.20க்கும் இடையில் எழும்பிவிடும். அதிலிருந்து எட்டு மணிவரை வெயில் சரிவாக விழும்போது சுவரின் சொரசொரப்பு, ஓட்டு வரிசை, தென்னோலையின் நிழல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஒன்பதரை ஆனால் பல்கனிகள் எல்லாம் கறுப்புக் குழியாகிவிடும், அதற்குப் பிறகு வெளியே நின்று வெயிலில் காய்வதில் பயனில்லை, உள்ளே போய் அறைகளை எடுங்கள். மெனேஜர் 'பத்து மணிக்கு வாங்கோ, காலையில் கெஸ்ட் சாப்பிடுவினம்' என்று சொல்வார். சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த நாள் போய்விட்டது. முதல் நாள் இரவே அங்கே தங்க ஓர் அறை கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

வடக்கையோ தெற்கையோ பார்த்த கட்டடங்களுக்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 7.7 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரமளவில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்து, செப்டெம்பர் முதல் வாரமளவில் திரும்பவும் உச்சியைக் கடந்து தெற்கே போகும். ஆகவே வடக்கு முகப்புக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரைதான் நாள் முழுக்க வெயில் உண்டு. டிசம்பரில் போய் நின்றால் நாள் முழுக்க நிழல்தான் கிடைக்கும், தெற்கு முகப்புக்கு இதற்கு நேர்மாறு. வேலை பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் மெனேஜருக்கு உங்கள்மேல் ஒரு மரியாதையும் வரும்.

மாதம் என்றதும் இன்னொன்று. பாசிக்குடாவில் கடல் அமைதியாகக் கிடப்பதும் உல்லையில் அலை எழும்புவதும் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர்வரை, அதனால் ஹோட்டல்காரர்கள் மே, ஜூனில்தான் படம் எடுக்க நினைவு வந்து கூப்பிடுவார்கள். அதற்குள் தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, புல் காய்ந்து, பற்றையெல்லாம் மண்ணிறமாகி, வானம் வெளிறிப் போயிருக்கும். என்னைக் கேட்டால் பெப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் இந்தக் கரைக்கு நல்ல காலம். மாரி விட்டிருக்கும், மரம் செடி பச்சையாக நிற்கும், வானம் கழுவிய நீலம், அறைகளும் பெரும்பாலும் காலி. பருவம் தொடங்கும்முன் படம் அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தும்விடும்.

மாலையை விட்டுவிடச் சொல்லவில்லை. மேற்குக் கரை ஹோட்டல்காரனுக்கு இருக்கிற கடலில் விழும் சூரியன் நமக்கில்லை, ஆனால் பொழுது பட்ட சில நிமிடங்களில் கிழக்கு வானத்தில், கடலுக்கு மேலே ஒரு ரோஸ் பட்டையும் அதற்குக் கீழே சாம்பல் நீலப் பட்டையும் எழும்பும். பலர் மேற்கைப் பார்த்துக்கொண்டு அதைத் தவறவிடுகிறார்கள். கட்டடத்துக்கு முதுகைக் கொடுத்து, தடாகத்துக்கு இந்தப் பக்கம் நின்று, கடலைப் பார்த்து எடுங்கள், தண்ணீரிலும் அந்த நிறம் விழும். அது மங்கும்போது மறுபக்கம் திரும்பினால் ஹோட்டலின் விளக்கு வெளிச்சமும் நீல வானமும் ஒன்றுக்கொன்று சரிசமமாக வந்திருக்கும். இங்கே அந்தி மிகவும் குறுகியது, சூரியன் மறைந்து ஏறத்தாழ 22 நிமிடத்தில் முடிந்துவிடும். ட்ரைபொட்டை முன்பே நிறுத்தி, எல்லா அறை விளக்குகளையும் போடச் சொல்லி, திரைச்சீலைகளைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். மறைந்த பிறகு ரிசப்ஷனுக்கு ஓடி 'அண்ணன் அந்த மேல் மாடி லைட்டைப் போடுங்கோ' என்று சொல்லிக்கொண்டிருக்க நேரம் இராது.

அறைக்குள்

ஹோட்டல் படத்தில் உங்கள் உண்மையான கூட்டாளி ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். ஒருவரை நாள் முழுக்க உங்களோடு விடச் சொல்லி வேலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். கட்டில் விரிப்பு நேரில் பார்க்கச் சுத்தமாக இருக்கும், கெமராவில் மடிப்புக் கோடு ஒவ்வொன்றும் வாய்க்கால் வரம்பாகத் தெரியும். விரித்த பிறகு கட்டிலின் மேலேயே வைத்து அயன் பண்ண வேண்டும், கெமராவுக்குத் தெரிகிற இரண்டு பக்கம் மட்டும் செய்தாலும் போதும். ரிமோட், குப்பைக்கூடை, டிஷ்யூ பெட்டி, 'புகைக்காதீர்' அட்டை, நுளம்பு மெஷின், தொங்குகிற வயர் எல்லாம் வெளியே. திரைச்சீலை இரண்டு பக்கமும் ஒரே அகலத்துக்கு. கொமோட் மூடி கட்டாயம் மூடியிருக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று ஒவ்வொரு படத்திலும் பெரிதாக்கிப் பாருங்கள், ஷவர் தலையின் பளபளப்பில்கூடச் சிலவேளை ஒரு குட்டி ஆள் நிற்பார்.

பிறகு பல்புகள். ஓர் அறையில் கட்டில் பக்கத்து விளக்கு மஞ்சள், ஒளியின் நிற அளவில் 2700 கெல்வின், கூரையில் வெள்ளை 6500, குளியலறையில் கடையில் கிடைத்த ஏதோ ஒன்று என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். கணினியில் சரிக்கட்டப் போனால் சுவர் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செம்மஞ்சளாகத்தான் நிற்கும். பையில் ஒரே நிற எல்ஈடி பல்பு பத்துப் பன்னிரண்டு வைத்திருங்கள், திருகு வகையிலும் பின் வகையிலும். மாற்ற முடியாத விளக்கை அணைத்துவிடுங்கள்.

ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிய வேண்டும், உள்ளே இருட்டாகவும் இருக்கக்கூடாது என்பதுதான் எல்லா ஹோட்டல்காரரும் கேட்பது. ட்ரைபொட்டில் வைத்து இரண்டு ஸ்டொப் இடைவெளியில் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) ஐந்து படம் எடுத்து, கையால் சேர்க்கலாம். மென்பொருளை விட்டுத் தானாகச் சேர்த்தால் சுவரெல்லாம் புகை பிடித்தது போல அழுக்கு நிறம் வரும், எனக்கு அது பிடிப்பதில்லை. இதைவிடச் சுத்தமான வழி, ஜன்னலுக்குச் சரியான வெளிச்ச அளவில் ஒரு படம், ஃப்ளாஷைக் கூரையில் அடித்து ஒரு படம், ஃப்ளாஷ் இல்லாமல் அறை வெளிச்சத்தில் ஒரு படம், மூன்றையும் அடுக்கிச் சேர்ப்பது. விளக்கின் இயல்பான மஞ்சளும் இருக்கும், நிறமும் உண்மையாக இருக்கும்.

லென்ஸ் பற்றி ஒரே பேச்சு: முழு சென்சர் (ஃபுல் ஃப்ரேம்) கெமராவில் 24 மில்லிமீற்றருக்குக் கீழே, அதாவது அதைவிட அகலமான காட்சிக்கு, போக வேண்டிய தேவை அபூர்வம். 16இல் எடுத்தால் கட்டில் தோணி நீளத்துக்கு வந்துவிடும், வந்து இறங்குகிற விருந்தாளி 'இதுவா அந்த ரூம்' என்று கேட்பார், அடுத்த நாள் அது விமர்சனமாக இணையத்தில் ஏறும். கெமராவை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே, தரையிலிருந்து 110, 120 சென்ரிமீற்றரில் வைத்து, மட்டம் பார்த்து, மேலேயோ கீழேயோ சாய்க்காமல் எடுங்கள். அப்போதுதான் சுவர்கள் நேராக நிற்கும். உயரமான கட்டடத்தை வெளியே எடுக்கும்போது கெமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துகிற டில்ட் ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் சொர்க்கம், விலையும் அந்த உயரத்தில்தான். முதல் சில வேலைகளுக்குக் கொழும்பில் வாடகைக்கு எடுக்கலாம், இல்லாவிட்டால் தூரப் போய் நின்று, தரையைக் கூடுதலாக விட்டு எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஏசி அறையிலிருந்து கெமராவைத் தூக்கிக்கொண்டு தடாகக் கரைக்கு ஓடினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், துடைக்கத் துடைக்கத் திரும்பத் திரும்பப் படியும். விடியப்புறம் எடுக்கப்போகிற கெமராவை இரவே பையோடு பல்கனியின் மூடிய மூலையில் வைத்துவிடுவது எளிது. கடல் உப்பு இன்னொரு சனியன். மாலையில் லேசாக நனைத்த துணியால் கெமராவையும் ட்ரைபொட் கால்களையும் துடைக்காமல் படுக்கப் போகாதீர்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டி இல்லையென்றால் மாரி முடிவதற்குள் லென்ஸுக்குள் பூஞ்சணம் வலை பின்னிவிடும்.

தடாகம் எடுக்கும்போது பம்ப்பை நிறுத்தினால் தண்ணீர் கண்ணாடியாகும். ஆனால் விளிம்பு வழிகிற மாதிரிக் கட்டிய தடாகம் என்றால் பம்ப் நின்றதும் வழிவதும் நின்று, விளிம்பில் ஓர் ஈரக்கோடு தெரியத் தொடங்கும், அதற்குப் பம்ப் ஓடத்தான் வேண்டும். மணலை விடிய முன் வாரச் சொல்லுங்கள். வாரிய பிறகு நாயும் காகமும் நடக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கரையில் மீன்பிடி வள்ளம் நின்றால் இழுக்கச் சொல்லாதீர்கள். அது அவர்களுடைய கரை, படத்துக்கும் அழகுதான்.

கசினோ

மட்டக்களப்பில் கசினோ இல்லை, எனவே இது கொழும்பு வேலை. நாட்டில் இதற்கென்று சட்டம் இருக்கிறது. 2025 ஓகஸ்டில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ கொழும்பில் திறந்த பிறகு இந்த வகைப் படத்துக்கு ஆள் தேடுவதும் கூடும் என்று நினைக்கிறேன், கிழக்கிலிருந்து போய்ச் செய்யக் கூடாது என்று ஒன்றுமில்லை. ஆனால் ஹோட்டல் பழக்கம் இங்கே பாதிதான் உதவும்.

ஜன்னலே இல்லாத இடம், ஆகவே சூரியன் கணக்கில் வராது, வருவது ஆட்கள். விளையாட வந்தவரின் முகம் ஒரு படத்திலும் இருக்கக்கூடாது. வெளியே தெரிந்தால் அவருக்கும் பிரச்சினை, கசினோவுக்கும் பிரச்சினை, உங்களுக்குப் பெரிய பிரச்சினை. கசினோ இரவு பகல் திறந்திருக்கும் என்பதால் கூட்டம் குறைந்த விடியற்காலையில் ஒரு பகுதியை மட்டும் கயிறு கட்டி மறித்துத் தரச் சொல்ல வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறவர்கள் ஊழியர்களோ மொடல்களோதான், அவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். காசு மாற்றும் கூண்டு, கண்காணிப்புக் கெமராக்கள், ஊழியர் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிற கோணத்தைத் தவிருங்கள். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார், எரிச்சல் படாமல் எடுத்த படங்களை அவருக்கு அங்கேயே காட்டிவிடுங்கள், பிறகு அழிக்கச் சொல்லி ஃபோன் வராது.

வெளிச்சம்தான் கஷ்டம். ஸ்லொட் மெஷின் திரைகள், நிறம் மாறுகிற எல்ஈடி பட்டைகள், மேசை மேல் குவிந்த விளக்கு, எல்லாம் ஒரே படத்துக்குள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மின்னும். வேகமான ஷட்டரில், அதுவும் சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/50, 1/25 செக்கன் என்று மெதுவாக எடுங்கள். திரைகளுக்கு மட்டும் வெளிச்சம் குறைத்து ஒரு படம் தனியாக எடுத்து வைத்தால் அவை வெள்ளைப் பெட்டிகளாகப் போகாது. ரூலட் சக்கரம் சுற்றும்போது ஷட்டரைக் கால் செக்கன் திறந்து விட்டால் சக்கரம் கரைந்து ஓடும், மேசையும் பந்தயக் காசு வில்லைகளும் அசையாமல் நிற்கும். ஒரு கசினோ படத்துக்கு இதைவிட அசைவு தேவையில்லை. மேசைத் துணியின் பச்சையோ சிவப்போ முகங்களின் தாடைக்குக் கீழே ஏறும், ஒரு சின்ன வெள்ளை அட்டையை மேசை விளிம்பில் படத்துக்கு வெளியே பிடித்தால் அது குறையும்.

வீட்டுத்திட்டமும் காணி பிரிப்பும்

இதில் இரண்டு வகை வாடிக்கையாளர். விற்கிறவர் ஒருவர், கட்டிக் கொடுத்துவிட்டு நிதி தந்தவருக்கு அறிக்கை அனுப்புகிறவர் மற்றவர். இரண்டு பேருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: புதிதாகப் பெயின்ட் அடித்த வீடுகள் ஒரே வரிசையில், மேலே நீல வானம். அந்தப் படத்தை எடுங்கள், கேட்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஊர் இல்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி நிதியில் கட்டிய 500 வீடுகளும் வரிசையாகத்தான் நின்றன, வழக்கில் மாட்டிப் பல வருடம் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன. வீடு கட்டி முடிந்தது என்பதை மட்டும் காட்டுகிற படம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஆகவே வீட்டைவிட வீதியை எடுங்கள். மாலை நாலரைக்குப் பிறகு, வெயில் வீதியோடு நீளமாக விழும் நேரம், கடைக்குப் போய்த் திரும்புகிறவர், சைக்கிளில் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள், கிணற்றடி, வேலியில் படர்ந்த முல்லை. பஸ் நிற்கிற பிரதான வீதியிலிருந்து உள்ளே வரும் பாதை எப்படி இருக்கிறது என்று ஒரு படம், வடிகான் ஒரு படம், பள்ளிக்கூடமும் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் இருந்தால் அவை எவ்வளவு பக்கம் என்று தெரிகிற ஒரு படம். பிள்ளைகளை எடுக்க முன் தாய் தகப்பனிடம் கேளுங்கள், நம் ஊரில் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், கேட்காவிட்டால்தான் வாக்குவாதம்.

அறிக்கைக்கு எடுக்கும்போது வீட்டுக்கார அம்மா நிதியாளரின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கிற படம் கேட்பார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. அதே அம்மாவை அவருடைய குசினிக்குள், அவர் வேலை செய்கிறபடியே விட்டு, கதவு வெளிச்சத்தில் ஒன்று எடுத்து இரண்டையும் அனுப்புங்கள். எதை அச்சில் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

அம்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்துத் தொடங்கிய திட்டத்தோடு வளர்ந்த நகரம் அது, மத்தியமுகாம் பக்கம் இன்றும் இலக்கம் போட்ட கொலனிகள் இருக்கின்றன. யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கதை பெரியது, இங்கே இழுக்கவில்லை. படம் எடுக்கிறவனுக்குப் பயன்படுவது வேறு: கோடு போட்டு அமைத்த குடியிருப்பு எழுபது வருடத்துக்கு மேல் கழித்து எப்படி வளைந்து, எங்கே கடை முளைத்து, எங்கே மரம் பெருத்து நிற்கிறது என்று பார்க்கலாம். புதுத் திட்டத்தை எடுக்கப் போகும்முன் அங்கே ஒரு சுற்று நடந்தால் எதில் கெமராவைத் திருப்புவது என்று கண்ணுக்குப் பழகும்.

விற்பனைக் காணியில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருந்துகொண்டு படத்தை மட்டும் பார்த்துக் காசு அனுப்புகிறவர்கள் நம் ஆட்கள். குப்பைத் தொட்டியை நகர்த்தலாம், காய்ந்த புல்லுக்குத் தண்ணீர் விடலாம், வானம் நல்லாயிருக்கிற நாளாகப் பார்த்து வரலாம். காணிக்கு மேலால் போகிற உயர் அழுத்த மின்கம்பியை அழித்துத் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். ஜூலையில் காய்ந்து கிடக்கிற பள்ளக்காணி டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், ஸூரிக்கில் இருக்கிறவருக்குத் தெரியாது. மாரியிலும் ஒருமுறை வந்து எடுக்கிறேன் என்று விலைக்குள் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். காணி நல்ல மேட்டில் இருந்தால் விற்கிறவர் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார், இல்லாவிட்டால் பேச்சை மாற்றுவார், அதுவே உங்களுக்குப் பதில்.

ட்ரோன் இல்லாமல் இந்த வேலை இப்போது இல்லை. பறக்கவிட முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, காணிச் சொந்தக்காரரின் சம்மதம் மூன்றையும் கடதாசியாகக் கையில் வைத்திருங்கள், பக்கத்துப் பொலிஸிலும் ஒரு சொல் சொல்லிவிட்டால் நல்லது. மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது, வழியெல்லாம் முகாம்கள் இருக்கின்றன. அனுமதி கிடைக்காத இடத்தில் ஆறு மீற்றர் நீட்டுக் கம்பத்தில் கெமராவை ஏற்றி, ஃபோனில் பார்த்து எடுக்கலாம். ஒரு மாடி வீடுகளுக்கு அந்த உயரம்தான் உண்மையில் அழகு, கூரையும் தெரியும், முற்றமும் தெரியும். மேலே போகப் போக எல்லாம் வரைபடமாகிவிடும். பருந்து வட்டமிடுகிற நேரம் ட்ரோனை இறக்கிவிடுங்கள்.

காசும் கடதாசியும்

நாளுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசி முடிக்காதீர்கள். படம் எங்கே போகப்போகிறது என்று கேளுங்கள்: அவர்களுடைய இணையத்தளமும் முன்பதிவுத் தளங்களுமா, கொழும்பு வீதியில் பெரிய விளம்பரப் பலகையுமா, எத்தனை வருடத்துக்கு, கட்டட வரைஞரும் தளபாடக் கம்பனியும் அதே படத்தைப் பாவிக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. ஒரு பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும், பெரிய சட்டக் கடதாசி தேவையில்லை. அரைவாசி அட்வான்ஸ் வாங்கிய பிறகுதான் திகதி. மழை பெய்தால் எந்த நாளுக்கு மாற்றுவது, அந்த நாளுக்குத் தங்குமிடம் யார் பொறுப்பு என்பதையும் அதில் எழுதுங்கள், நொவெம்பரில் இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். எத்தனை படம் கொடுப்பீர்கள், திருத்தம் எத்தனை தடவை என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மெனேஜரின் மச்சானுக்கும் ஒரு கருத்து இருக்கும்.

கொடுக்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் கிடையாக ஒன்று, ஃபோனுக்கு நெடுக்காக ஒன்று கொடுங்கள். நெடுக்குப் படத்தைப் பிறகு வெட்டி எடுக்கப் பார்த்தால் கட்டில் பாதி போய்விடும், அங்கே நிற்கும்போதே இரண்டையும் எடுத்துவிடுவது நல்லது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஹோட்டல் பெயர், அறை வகை, மாதம் மூன்றும் இருக்கட்டும். அடுத்த வருடம் விரிப்பும் திரைச்சீலையும் மாற்றிய பிறகு எந்தப் படம் பழையது என்று கேட்டு அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.